அம்மாவின் வெள்ளைச் சீலை

எங்கள் வீட்டு ஹோலில் அம்மாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல்தான் கோபம் வரும். சீலையும் பின்னால் உள்ள சுவரும் தெரிகின்றன. நடுவில் அம்மாவின் முகம் மட்டும் இருண்டு கிடக்கிறது. எடுத்தவள் நான், அதுவும் படம்பிடிப்பவர் ஒருவரின் மகள்.

அப்பா மட்டக்களப்பில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தார். அவருடைய சொத்து பென்ரக்ஸ் கே1000 கமராதான். 1976இல் வந்து 1997 வரை செய்யப்பட்ட கமரா அது. பற்றரி தீர்ந்தாலும் படம் எடுக்கும். வெளிச்சம் அளக்கும் ஊசிக்கு மட்டுமே பற்றரி வேண்டும். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், அதில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று எண்கள். மேலே ஒரு சக்கரம், அதில் 60, 125, 250 என்று செக்கனின் பங்குகள். எதில் எண் ஒரு படி கூடினாலும் வெளிச்சம் பாதியாகும். "ஒண்டைக் கூட்டினா மற்றதைக் குறை" என்பார் அப்பா. நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனாலும் இது விரலுக்குப் பழகிவிட்டது. கமராவைக் கண்ணில் வைக்க முன்னமே எது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். நல்ல வெயிலில் 100 பிலிமுக்கு 16உம் 125உம் வைத்தால், ஊசியைப் பார்க்கவே தேவையில்லை.

அந்த ஊசியை அப்பா முழுதாக நம்பியதில்லை. "மகள், இதுக்கு ஆளும் தெரியா, சீலையும் தெரியா. எல்லாத்தையும் சாம்பல் நிறமெண்டுதான் நினைக்கும். வெள்ளை கூட இருந்தா வெளிச்சத்தை ஒரு படி கூட்டிக் குடு" என்பார். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று எண்ணி அது குறைக்கச் சொல்லும். அப்படியே விட்டால் எங்களைப் போன்ற கறுத்த முகங்கள்தான் முதலில் மறைந்து போகும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. கமராவும் எங்களோடு இருந்ததால் தப்பியது. வீட்டுப் படங்களும் நெகட்டிவ் பெட்டிகளும் போய்விட்டன. 2008இல் அப்பா காலமானார். அம்மா வெள்ளைச் சீலைக்கு மாறினார்.

2010 சித்திரை வருடப்பிறப்புக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். என் சம்பளக் காசில் வாங்கிய சின்ன டிஜிட்டல் கமரா கையில் இருந்தது. வளையமும் இல்லை, சக்கரமும் இல்லை, அமத்தினால் படம். யோசிக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அம்மாவைப் புதுச் சுவரோடு நிற்கவைத்து அமத்தினேன். வெயிலில் அந்தச் சின்னத் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று அதிலும் இருந்தது. அப்பா சொன்ன 'ஒரு படி' அதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எண்கள் கண்முன்னே இல்லாதபோது பாடமும் மறந்து போகும் போலும். அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டார்.

படத்தைத் திருத்தக் கொடுத்தேன். "அம்மாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடட்டா அக்கா?" என்று கேட்டான் கடைப் பெடியன். செய்தும் தந்தான். முகத்தில் மா பூசிய யாரோ ஒருவர் இருந்தார். அம்மா கறுப்புத்தான். அது திருத்த வேண்டிய பிழையா? பிழை வெளிச்சத்தில், என் கையில். பழைய படத்தையே மாட்டினேன்.

இப்போது பலரிடம் போன்தான் கமரா. பல போன்களில் திரையில் முகத்தைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். அண்மையில் மகளை வெள்ளைச் சீருடையில் எடுக்கும்போது அப்படிச் செய்தேன். முகம் அதன் சொந்த நிறத்தில் வந்தது. "போன் தானாக எடுக்கும்தானே, பிறகு ஏன்?" என்றாள்.

அலுமாரியிலிருந்து அப்பாவின் கமராவை எடுத்துக் கொடுத்தேன். வளையம் 8இல், சக்கரம் 125இல், அவர் விட்ட இடத்திலேயே நின்றன. அவள் வளையத்தை 5.6க்குத் திருப்பினாள்.

"இதைக் குறைச்சிட்டன். அப்ப மற்றதை என்ன செய்யிறது?"