புள்ளிப் பட்டியல்

2024 செப்டெம்பர் 18
ஞாயிறு நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் பத்திரத்தில் 3 வினாக்கள் முன்பே வெளியாகிவிட்டனவாம். ஓய்வறையில் வேறு பேச்சே இல்லை. பரீட்சை என்றால் தகுதி, நம்பகம் வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தேன். நான் கட்டுறுப் பயிற்சிக்கு வந்திருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் இதே பரீட்சை.

செப்டெம்பர் 19
பிள்ளைகளிடம் இதைப் பேசவேண்டாம் என்றிருந்தேன். அவர்களே பேசினார்கள்.

ஒக்டோபர் 10
ஒரு மூத்தம்மா வந்தார். பேத்தியின் உம்மா கட்டாரில். வகுப்பு வட்ஸ்அப் குழுமத்தில் இருப்பது மூத்தம்மாவின் போன்; அதைத் திறந்து பார்ப்பது பேத்தி. நேற்றிரவு மாதப் பரீட்சைப் புள்ளிகள் முழு வகுப்பின் பெயரோடும் குழுமத்தில் வந்திருக்கின்றன. கடைசிக்கு மேல் அவளுடைய பெயர். உம்மாவுக்குச் சொல்ல முன்னமே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளை இன்று வரவில்லை.

"மகள், புள்ளட புள்ளிய எனக்குச் சொல்லுங்க. ஊருக்கு என்னத்துக்கு?"

சத்தம் போடாமல்தான் கேட்டார். வகுப்பாசிரியர் லீவு, பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இப்படியான குழுமங்கள்தான் எங்களைப் படிக்கவைத்தன. நானும் உம்மாவின் போனில் படித்தவள். அந்த நன்றி எனக்குண்டு. ஆனால் இன்று அந்தக் குழுமத்தை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்: விடைத்தாள், பரிசளிப்பு, பெயர் தெரியும் சீருடைப் படம், வீட்டு விலாசம் எழுதிய படிவம். யாருடைய காக்கா, யாருடைய அயலவர் எந்த போனில் இதையெல்லாம் பார்க்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போன படம் போனதுதான். பிள்ளையின் புள்ளி எங்களிடம் தந்த அமானிதம்.

ஒக்டோபர் 11
வந்தாள். கை உயர்த்தவில்லை.

ஒக்டோபர் 22
புள்ளிகளை ஏன் குழுமத்தில் போடுகிறோம் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டேன். "பெற்றோரே கேக்கிறாங்க டீச்சர். போட்டி இருந்தாத்தான் படிப்பாங்க." பிள்ளைகளுக்காக உழைக்கிறவர்தான், சனிக்கிழமையும் வந்து படிப்பிக்கிறார். கட்டுறுப் பயிற்சிக்கு வந்தவள் இதற்கு மேல் என்ன சொல்வது?

நவம்பர் 7
பெருக்கலைத் தாளில் கேட்காமல் வாயால் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் மூத்தம்மா பன்பாய் இழைப்பவர். ஒரு பாய்க்கு ஒன்பது பூ, பூவுக்கு நாலு சிவப்புப் பன் என்றால் எத்தனை வேண்டும் என்றேன். நான் கேட்டு முடிக்கமுன் 36 என்றாள். கரை பிடிக்க இன்னும் வேணும் டீச்சர் என்று எனக்கே திருத்தம் சொன்னாள். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்பது இதைத்தானே பிடிக்கவேண்டும். பட்டியலில் இதற்கு ஒரு நிரல் கிடையாது.

நவம்பர் 26
மாவடிப்பள்ளி. மத்ரசா விட்டு வீடு போன பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துவிட்டது. யா அல்லாஹ்.

நவம்பர் 28
மழை. உயர்தரப் பரீட்சையும் நிறுத்தம். போனைத் திறந்தால் வெள்ளத்தில் போன அந்தப் பிள்ளைகளின் படங்கள். பெற்ற உம்மாமார் இன்னும் அழுது முடிக்கவில்லை. "அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று வகுப்புக் குழுமத்தில் எழுதினேன். அங்கே நான் எழுதிய முதல் வரி அது.

டிசம்பர் 9
2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்தேன். பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறார்கள். சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அதற்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

டிசம்பர் 31
வினாக்கள் வெளியான புலமைப்பரிசில் பரீட்சை வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறு பரீட்சை இல்லை. 3 வினாவுக்காக நாட்டின் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

அதிபருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். புள்ளிகளை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகச் சொல்வோம். பிள்ளைகளின் படம் போட முன்னர் பெற்றோரைக் கேட்போம். விடுமுறை முடிந்ததும் கொடுக்கவேண்டும். இதை வாசிக்கிற டீச்சர்மாரே, சேர்மாரே, உங்கள் வகுப்புக் குழுமத்தையும் ஒருதரம் மேலே தள்ளிப் பாருங்கள்.