குறை கேட்கும் செவி

கற்பித்தல் என்பது கூறுதல் மட்டுமன்று. கேட்டலும் அதனுள் அடங்கும். வகுப்பறையில் நின்று பாடஞ் சொல்லும் ஆசிரியர் மாணாக்கர் முகத்தை நோக்குகின்றார். அவர்தம் புருவம் நெரியக் கண்டால், பொருள் விளங்கவில்லை என உணர்ந்து, வேறு சொற்களால் மீண்டும் விளக்குகின்றார். காணொளி வாயிலாகக் கற்பிக்கும் ஆசிரியர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவர் குரல் ஊர்தோறும் ஒலிக்கும்; கேட்போர் முகம் அவருக்குத் தோன்றாது. ஆதலின், கற்போர் எழுதியனுப்பும் கருத்துகளே அவருக்குக் கண்ணாக அமைகின்றன.

கணிப்பொறி மென்பொருள்களுள் திறந்த மூல மென்பொருள் என்பது ஒருவகை. அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. பொருள் வசதியற்ற மாணவரும் இவற்றை விலையின்றிப் பெறலாம். ஆயினும், இவற்றைக் கற்பிப்போர் எல்லா ஊர்களிலும் இலர். இக்குறையை நீக்கும் பொருட்டுப் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் திட்டத்தைத் தோற்றுவித்தார். இந்திய அரசின் பொருளுதவி பெற்று அது வளர்ந்தது. அதன் பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிட அளவினது. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் அப்பாடங்களுக்குக் குரல் கொடுத்துள்ளனர். கற்போர் திரையின் ஒருபுறம் காணொளியையும், மறுபுறம் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் தாமே செய்து பார்த்துக் கற்பர்.

இம்முறையில் ஒரு படி பிறழினும் கல்வி தடைப்படும். சிற்றூர் மாணவி ஒருத்தி தனியே அமர்ந்து பயில்கின்றாள் எனக் கொள்வோம். காணொளியில் காட்டப்பெறும் பொத்தான் அவள் திரையில் இல்லை. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, காணொளியோ பழையது. இவ்வுண்மையை அவள் அறியாள். 'எனக்கு இது வாராது' என எண்ணிக் கணிப்பொறியை மூடிவிடுகின்றாள். குறை பாடத்தினுடையது, பழியோ தன்மேல் என்று அவள் கொள்கின்றாள். ஆசிரியர் செவிக்கு எட்டாத இம்மௌனம் கல்விக்குப் பெரும்பகையன்றோ?

இப்பகையை வெல்ல அத்திட்டத்தார் இருவழிகளை மேற்கொண்டனர். பாடத்தைப் பதிவு செய்யுமுன், அத்துறையறியாத ஒருவரிடம் அதன் எழுத்துவடிவத்தைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்வது ஒன்று. அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடமாகும். பாடம் வெளிவந்தபின், ஐயம் எழுந்தது எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது விநாடியில் எனக் குறித்து வினவ வழிசெய்தது மற்றொன்று. 'ஒன்றும் விளங்கவில்லை' என்னும் சொல்லால் ஆசிரியர் யாதும் செய்ய இயலாது. 'மூன்றாம் நிமிடத்தில் வழி தவறினேன்' என்றால், அவ்விடத்திற்கே சென்று அவர் ஆராய்தல் கூடும்.

கேட்டோர் வினாவுக்கு விடை கூறுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறும். ஆயின், அன்றைய அவையில் இருந்தோர் கற்றோர்; காணொளியின் அவையில் இருப்போர் கற்கத் தொடங்குவோர். சிலர் பாராட்டுவர், சிலர் கடிந்து எழுதுவர். பாராட்டு மகிழ்ச்சி தரும். திருத்தத்திற்கு உதவுவது குறைகூறலே. கடுஞ்சொல்லாயினும் அதனைப் புடைத்து, உமியை நீக்கி, மணியைக் கொள்வதே அறிவுடைமை.

விடை கூறுமுன் ஆசிரியர் வினவியவர் சென்ற வழியே தாமும் சென்று பார்த்தல் வேண்டும். பிழை பாடத்தினுடையதாயின் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நன்றி கூறித் திருத்த வேண்டும். உடனே மறுபதிவு செய்ய இயலாவிடின், காணொளியின் கீழ் ஒரு குறிப்பேனும் எழுதுதல் நலம். பிழை கற்பவருடையதாயின், 'இது மிக எளிதாயிற்றே' என்று கூறலாகாது. அச்சொல் அடுத்த வினாவை அடைத்துவிடும்.

எனினும், கேட்டவற்றையெல்லாம் செய்து முடித்தல் ஒருவர்க்கும் இயலாது. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் உருவாக்கிவந்த இயக்குதளத்தைப் பற்றிப் பிறரிடம் கருத்துக் கேட்டார். எக்கருத்தையும் வரவேற்பதாகக் கூறிய அவர், எல்லாவற்றையும் நிறைவேற்றுவதாக வாக்களிக்கவில்லை. அப்போது அவர் அகவை இருபத்தொன்று. அன்று கருத்துக் கேட்டுத் தொடங்கிய அம்முயற்சியே லினக்ஸாக வளர்ந்தது.

பிழை காட்டியவர்க்குப் பரிசளித்த பெரியாரும் உளர். அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனூத் தம் நூல்களில் பிழை கண்டு கூறியவர்க்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். பெற்றோர் பலர் அதனைப் பணமாக மாற்றாது, சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கி, அதன் மூலநிரலையும் வெளியிட்டவர் அவரே. அதில் நேர்ந்த பிழைகளைத் தொகுத்து, 1989-ஆம் ஆண்டில் தாமே ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். பிழைகளை மறையாது வெளியிட்டமையால் அவர் புகழ் குறையவில்லை. அவர் சொல்லின்மேல் உலகிற்கு நம்பிக்கையே மிகுந்தது.

ஆசிரியர்க்குக் கேட்கும் கடமை உண்டெனின், மாணாக்கர்க்குச் சொல்லும் கடமையும் உண்டு. விளங்காத இடத்தில் வாய்மூடி வருந்துதல் தக்கதன்று. எவ்விடத்தில், யாது செய்தபோது, என்ன நேர்ந்தது என்பதைப் பணிவோடும் தெளிவோடும் கூறுதல் வேண்டும். அவ்வாறு ஒருவர் கேட்கும் வினாவால், அவரைப் பின்தொடர்ந்து அதே பாடத்தைப் பயில வரும் முன்பின் அறியாத பலரும் இடர் நீங்கிக் கற்பர்.