கீரையும் வார்ஃபரினும்



நம் மாணவர்கள் பலரின் இல்லங்களில் தாத்தா பாட்டியர் உடன் வாழ்கின்றனர். அவர்களுள் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோரும் இருக்கக்கூடும். என் தாயார் அவர்களுள் ஒருவர். சிறுவயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலால் பழுதுற்ற இதய வால்வை அகற்றி உலோக வால்வு பொருத்திய நாள்முதல், மாலைதோறும் இம்மாத்திரையை விழுங்கி வருகிறார்.

மலாய்க்காரர் இதனை 'உபாட் சாயிர் டாரா' என்பர். நம்மவரும் 'இரத்தத்தைத் தண்ணீராக்கும் மருந்து' என்கின்றனர். தமிழாசிரியனாகிய எனக்கு இப்பெயர் உறுத்துகிறது. இரத்தம் நீர்த்துப் போவதே இல்லை! உறைதலுக்குத் துணைபுரியும் 2, 7, 9, 10 எனும் எண்களுடைய காரணிகளைக் கல்லீரல் உருவாக்குகிறது. அதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொணரும் நொதியை வார்ஃபரின் தடுக்கிறது. அதனால் புதிய காரணிகள் வலுக்குன்றிப் பிறக்கின்றன. முன்னரே இரத்தத்தில் உள்ளவை தீரச் சில நாள்கள் ஆகும். ஆகவே இன்று விழுங்கியதன் பயன் இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். நேற்று மறந்த மாத்திரையை இன்று சேர்த்து இரண்டாக விழுங்கலாகாது என்பதும் இதனால்தான்.

வைட்டமின் கே கீரைகளில் மிகுதி. இச்செய்தி பாதியாகப் பரவியதுதான் தொல்லை. "கீரையைத் தொடவே கூடாது" என்று அண்டை வீட்டார் கூற, அம்மா கொல்லைப்புற முருங்கையை மறந்தார். காய்லானையும் சாவியையும் ஒதுக்கினார். சில வாரங்களில் பல் துலக்கும்போது ஈறில் குருதி கசிந்தது. முன்கையில் நீலத் திட்டுகள் தோன்றின. 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். அளவு 5.2 என வந்தது.

"ஆன்ட்டி, அண்மையில் எதைச் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள்?" மருந்தாளுநரான சீனப் பெண்மணி கேட்ட முதல் கேள்வியே இதுதான். கீரை உண்ணும் உடலுக்கேற்ப வகுத்த மருந்தளவு, கீரையற்ற உடலுக்கு மிகையாகிவிட்டது. வழக்கமாக உண்ணும் அளவை வாரந்தோறும் ஒரே சீராக உண்ணுங்கள் என்றார் அவர். விட்டுவிடுவதும் தீது, விருந்தென்று ஒரே நாளில் அள்ளி உண்பதும் தீது.

இது எலிப்பாஷாணமாயிற்றே என அஞ்சுவோரும் உளர். 1948-இல் அமெரிக்காவில் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது உண்மையே. 1954 முதல் மனிதருக்கும் மருந்தாகி உயிர் காத்து வருவதும் உண்மை. அடிக்கடி சோதனை வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே என்று சக ஆசிரியர் ஒருவர் வினவினார். உலோக வால்வு உடையோருக்கு அவை உதவா. டபிகாட்ரன் எனும் மருந்தை அத்தகையோரிடம் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், இரத்தக்கட்டியும் கசிவும் வார்ஃபரினைவிட மிகுந்தே காணப்பட்டன.

அம்மாவின் கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது; அவருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். நான்காம் ஆண்டில் பயிலும் என் மகள் அதனைத் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரையோ சீன மூலிகையோ உட்கொள்ளக்கூடாது. கிளினிக்கில் கிருமிக்கொல்லி மருந்து தருமுன் வார்ஃபரின் உண்பதைச் சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கும் முன்னும் அவ்வாறே. தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மூட்டுவலிக்கு நாள்தோறும் பூசும் தைலத்தில் மீத்தைல் சாலிசிலேட் உண்டா எனப் பார்க்க வேண்டும். தோல்வழியே சென்றும் அது குருதிக்கசிவைக் கூட்டும் என்பதை நம்மவர் பலர் அறியார். அம்மாவுக்கு இத்தைலத்தை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது! மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளிக்காயம் இல்லையெனினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இந்த இறுதி வரியை மட்டும் மகள் சிவப்பு மையில் எழுதி, கீழே என் கைப்பேசி எண்ணையும் குறித்திருக்கிறாள்.