கழுத்து நோவின் விலை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, 2023 ஜூலையில் உம்மாவும் நானும் லண்டனுக்குப் போனோம். உம்மாவின் தங்கை, என் சாச்சி, அங்கே ஹரோவில் இருக்கிறார். எங்கள் இருவரின் டிக்கெட்டுக்கும் காசு போட்டவர் அவர்தான். "திருப்பித் தர வேணாம் தாத்தா" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் உம்மா அந்தத் தொகையைத் தன் தையல் கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

போய் ஐந்தாம் நாள் சாச்சி எங்களைக் காரில் கடைக்கு அழைத்துப் போனார். ஒரு சுற்றுவட்டத்தினுள் நுழைவதற்காகக் காரை நிறுத்திக் காத்திருந்தபோது பின்னாலிருந்து 'டங்' என்றொரு சத்தம். இறங்கிப் பார்த்தோம். பின்பக்க பம்பர் நெளிந்திருந்தது. எங்கள் மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மோதியது ஓர் இளம் தாதியின் கார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாளாம். கை நடுங்க நடுங்க மன்னிப்புக் கேட்டாள். சாச்சியும் அவளும் பெயர், வாகன இலக்கம், காப்புறுதி விபரங்களை எழுதிக்கொண்டார்கள். உம்மா தன் தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டினார். அன்றிரவு, "யாருக்கும் நோவு ஒன்றும் இல்லையே?" என்று அவள் சாச்சிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டுப் போன் அடித்தது. சாச்சி வேலைக்குப் போயிருந்தார். உம்மா மேல்மாடியில் அஸர் தொழுதுகொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"உங்கள் மீது தவறில்லாத ஒரு விபத்தில் நீங்கள் அண்மையில் சிக்கியதாக அறிகிறோம்" என்றாள் ஒரு பெண், அழகான ஆங்கிலத்தில். நான் "யெஸ்" என்றேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். அதற்கும் நிற்காமல் பேசிக்கொண்டே போனாள். அது பதிவுசெய்த குரல் என்பது பிறகுதான் விளங்கியது. ஆயிரக்கணக்கான பவுண் நட்டஈடு கிடைக்கலாமாம். பேச விரும்பினால் 1ஐ அழுத்தவும், வேண்டாமென்றால் 9ஐ அழுத்தவும்.

உம்மாவின் கொப்பிதான் என் ஞாபகத்துக்கு வந்தது. நான் 1ஐ அழுத்தினேன்.

இப்போது உண்மையான ஓர் ஆள் வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். காரில் எத்தனை பேர், யார் எங்கே அமர்ந்திருந்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, "யாருக்காவது கழுத்து நோகிறதா?" என்று கேட்டார். "உம்மாவுக்கு நோகும்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே தணிந்தது. அவரோ, "நல்லது, அது போதும். அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்றார்.

உம்மா தொழுகை முடித்து இறங்கி வந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"இந்த நோவு முந்தநாத்து வந்ததா மகள்? ஒங்க ரெண்டு பேரையும் படிக்க வெக்க மெஷின்ல குனிஞ்சி குனிஞ்சி வந்தது. அதுக்கு அந்தப் புள்ளையா சல்லி கட்டோணும்?"

தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தத் தாதியின் கை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "விபத்தால் வந்த நோவு இல்லை" என்று போனில் சொன்னேன். "கொஞ்சம் நொந்தாலும் போதும், யோசித்துப் பாருங்கள்" என்று அவர் விடாமல் பேசினார். நான் போனை வைத்துவிட்டேன்.

இரவு சாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்களுக்கு எக்சிடன்ட் ஆனது அவங்களுக்கு எப்படித் தெரியும் சாச்சி?" என்று கேட்டேன்.

"கூடுதலா தெரியவே தெரியாது. மெஷின் இலட்சக்கணக்கான நம்பர்களுக்கு ஒரே கதையைத்தான் சொல்லும். எக்சிடன்ட் ஆகாதவங்க வெச்சிடுவாங்க. ஆன ஒருத்தர் எடுத்தா, எல்லாம் தெரிஞ்சி பேசுற மாதிரி ஈக்கும்" என்றார் சாச்சி.

சில வேளைகளில் விபரங்கள் களவாக விற்கப்படுவதும் உண்டு. வீதி உதவி நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஒருவர் விபத்துக்குள்ளானவர்களின் தரவுகளை வெளியே கொடுத்ததற்காக, 2021இல் அங்குள்ள நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஒரு நிறுவனம் 18 மாதங்களில் ஏறக்குறைய 10 கோடி தானியங்கி அழைப்புகளை எடுத்திருந்தது. விபத்து நட்டஈடும் அவற்றில் ஒரு தூண்டில். தகவல் ஆணையாளர் அலுவலகம் 2017இல் அதற்கு 4 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. நட்டஈடு கோருவது பற்றி முன்சம்மதம் இல்லாமல் ஒருவரை அழைப்பதே 2018 செப்டெம்பர் 8 முதல் சட்டவிரோதம். அந்த 'ஆயிரக்கணக்கான பவுண்' கதையும் அப்படித்தான். மோதலில் கழுத்து அதிர்ந்து, மூன்று மாதத்துக்குள் மாறிவிடும் நோவுக்கு 2021 மே 31 முதல் சட்டம் வைத்திருந்த தொகை 240 பவுண். அதற்கும் மருத்துவ அறிக்கை வேண்டும்.

அந்தக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. மோதியவரின் காப்புறுதியிலிருந்து போகிறது. பொய்க் கோரிக்கைகள் பெருகும்போது மற்றவர்கள் கட்டும் காப்புறுதிக் கட்டணமும் ஏறுகிறது.

"9ஐ அழுத்தியிருந்தா?" என்று கேட்டேன். "அதுவும் ஒன்றுதான். எதை அழுத்தினாலும் இந்த நம்பர்ல ஆள் ஈக்கிதுன்னு கண்டுகொள்ளுவாங்க. ஒன்றையும் அழுத்தாம வெக்கிறதுதான் சரி" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. மறுநாளிலிருந்து நாங்கள் ஊர் திரும்பும் வரை அந்தப் போன் ஓயவில்லை. ஒவ்வொரு தடவையும் சாச்சி என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

உண்மையான சில சொற்களையே கோத்து ஒரு பொய்யைச் செய்துவிடலாம் என்பதை அன்று நான் அறிந்தேன். அந்த மனிதர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. என் உம்மாவின் பழைய நோவுக்குப் புதுத் திகதி ஒன்று போட இடம் காட்டினார், அவ்வளவுதான். அந்த இடத்தில் நானும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

டிக்கெட் கணக்கு உம்மாவின் கொப்பியில் இன்னும் இருக்கிறது. தையல் கூலியில் மிஞ்சுவதை மாதாமாதம் ஒதுக்கி, எழுதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வருகிறார். இரவில் மெஷினை மூடிவிட்டு அவர் எழும்பும்போது, அவருடைய கழுத்துக்கு எண்ணெய் தடவிவிடுவது இப்போது என் வேலை.