தோளில் கைபோட்டு நிற்கும் இயேசு!

பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், க்ளூனி நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது தேய்சே என்ற சின்னக் கிராமம். கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். தினமும் மூன்று முறை மணியடித்ததும், ஆலயத் தரையில் வந்து உட்கார்கிறார்கள்.

1940-ல் இங்கு குடியேறி, துறவியர் குழுவை உருவாக்கிய பிரதர் ரோஜர், சுவிட்சர்லாந்துக்காரர், புராட்டஸ்டன்ட். அந்த மரபில் புனிதர் படங்களுக்குப் பெரிய இடமில்லை. ஆனால், இந்த ஆலயத்தில் கீழைத் திருச்சபைகளின் ‘ஐகான்’ ஓவியங்கள்!

அதிலும் ‘நட்பின் ஐகான்’ முன்னால்தான் பலரும் நிற்கிறார்கள். எகிப்தின் காப்டிக் மடத்தில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம். அசல், பாரீஸ் லூவர் மியூசியத்தில், இங்கிருப்பது நகல். துறவி மேனாவின் தோளில் கைபோட்டு, கூடவே நடந்துவரும் சிநேகிதன் மாதிரி நிற்கிறார் இயேசு. அதிகாரத் தோரணையே இல்லை.

வெள்ளி இரவு, சிலுவை ஐகானைத் தரையில் கிடத்துகிறார்கள். ஒவ்வொருவராக முழந்தாளிட்டு நகர்ந்துவந்து, அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் கத்தோலிக்கரா, லுத்தரனா, ஆர்த்தடாக்ஸா என்று யாரும் கேட்பதில்லை.

நற்கருணை விஷயம் வேறு. ஒரே அப்பத்தை எல்லோரும் பகிர, திருச்சபைகளின் சட்டங்கள் இன்னும் விடவில்லை. சேர்ந்து மண்டியிட்டவர்கள் அங்கே பிரிந்துதான் ஆக வேண்டும். கொஞ்சம் வலிக்கிற உண்மை.

நன்கொடை வாங்காமல் சொந்த உழைப்பில் வாழும் துறவிகள் இவர்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள், நட்பின் ஐகான் அச்சிட்ட சின்ன அட்டையை இங்குள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாம்.