நாலாவது மருந்து

அம்பிட்டியவில் எங்கள் பக்கம் தடிமன் என்றாலே பாமசியில் நாலு அன்டிபயோட்டிக் குளிசை வாங்குவது வழக்கம். தடிமன் வைரஸால் வருவது. அதற்கு அந்தக் குளிசை கேட்காது. உடம்பிலுள்ள பக்டீரியாக்கள்தான் அதற்குப் பழகிக்கொள்ளும்.

ராத்தாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றியபோதுதான் இதன் பாரம் எனக்கு விளங்கியது. கட்டியைக் கரைக்கும் மருந்து வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்நாட்களில் வரும் காய்ச்சல் சில மணித்தியாலங்களிலேயே ஆளைச் சாய்க்கும். ராத்தாவின் இரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு மூன்று மருந்துகள் கேட்கவில்லை. நாலாவது கேட்டது, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்துக் கட்டில்காரிக்கு அதுவும் கேட்கவில்லை.

பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945இலேயே இதை எச்சரித்தார். 2019இல் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேர் இறந்ததாகக் கணித்திருக்கிறார்கள்.

சுகம் விசாரிக்க வருவோரிடம் ராத்தா கேட்பது ஒன்றுதான்: “தடிமனுக்கு அன்டிபயோட்டிக் வாங்காதீங்க. அது இன்னொருத்தர்ட நாலாவது மருந்து.”