தொட்டியின் அடியில்

நின்றுபோன வண்டியைத் தள்ளிவிட நாலுபேர் எளிதில் கிடைப்பர். அஃது ஏன் நின்றது என்று பொறுமையோடு ஆராய ஒருவர் கிடைப்பதே அரிது. சுங்கை சிப்புட்டில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இவ்வுண்மையைத் தம் எழுபத்தோராம் வயதில், ஒரு பழைய காரின் வாயிலாகக் கற்றுக்கொண்டார்.

தோட்டப் பள்ளியொன்றில் பணியேற்ற புதிதில், 1976ஆம் ஆண்டில், அவர் இரண்டாங்கையாக வாங்கிய மோரிஸ் மைனர் அது. பிள்ளைகள் வேலைக்குப் போய்ப் புதிய வண்டிகள் வாங்கிய பின்னும் அவர் அதனைக் கைவிடவில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அன்று முதல், பாதித் தொட்டி பெட்ரோலுடன் அந்தக் கார் மாதக்கணக்கில் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது.

மறு ஆண்டில் மனைவியின் கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் ஈப்போவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. ஒருநாள் செம்மோர் அருகே கார் இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. அவ்வகைக் காரில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் ‘டக், டக்’ என விரைந்து ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அன்று ஒலியே எழவில்லை. ஆசிரியர் திருப்புளியின் பிடியால் பம்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்; அது மீண்டும் உயிர்பெற்றது. தட்டினால் நடக்கும் என்பது அவர் நெடுங்காலமாக நம்பிவந்த பாடம்.

தட்டித் தட்டி ஓட்டியது சில நாளைக்குத்தான். பிறகு ஒரு பட்டறையில் புதிய பம்பு பொருத்தினர். கவலை தீர்ந்தது என்று எண்ணியிருந்தவரை, ஆறே வாரத்தில், மனைவி அருகிலிருக்க, வெயில் ஏறிய நேரத்தில், கார் மீண்டும் நடுச்சாலையில் நிறுத்தியது. இம்முறை தட்டியும் பயனில்லை.

பக்கத்து வீட்டார் சொல்லி, ஊர்க்கோடியிலிருந்த வேறொரு பட்டறைக்குக் காரை இழுத்துச் சென்றார். அதன் போர்மன் ஐம்பதைக் கடந்தவர். ஆசிரியரைக் கண்டதும் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“வணக்கம் ஐயா. 1978இல் உங்களிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். கடைசி வரிசை.”

ஆசிரியருக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. அந்த வரிசை வந்தது. அங்கே நாள்தோறும் உறங்கி வழிந்த சிறுவன் ஒருவனும் வந்தான்.

போர்மன் புதிய பம்பைக் கழற்றி, அதனுள்ளிருந்த சிறு வலைவடிகட்டியை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். செங்கல் தூள் போன்ற துரு உதிர்ந்தது.

“பம்பில் குறையில்லை, ஐயா. அது குடிக்கும் இடத்தில்தான் குறை. இன்னும் பத்துப் பம்பு மாற்றினாலும் இதே கதைதான். தொட்டியை இறக்க வேண்டும்.”

பாதி காலியான தொட்டியில் மீதியிடத்தை நிரப்புவது காற்று. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. இரவுக் குளிர்ச்சியில் அவ்வீரம் தகட்டில் நீராய்ப் படியும். பெட்ரோலைவிட நீர் கனமானதாகையால் அடியில் சென்று தங்கும். அங்கே துரு பிறக்கும். வெளியே பளபளக்கும் காருக்குள் இது கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் வேலை.

போர்மன் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார். பின்பு வெட்டவெளியில் அடித்திருகைத் திறந்து பெட்ரோலை வடித்தார். பக்கத்தில் புகைபிடித்து நின்றவரை அப்பால் போகச் சொன்னார். “நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டிக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்” என்றார். பொருட்பெட்டியின் அடியிலிருந்த தொட்டியை இறக்கிப் பலமுறை நீரால் அலசினார். காடியும் ஒரு சிறு சங்கிலியும் உள்ளே இட்டு, அதனை இப்படியும் அப்படியும் உருட்டி, ஓரிரவு ஊற வைத்தார். மறுநாள் கொட்டியபோது வந்த நீர் காவிக் குழம்பாக இருந்தது. சோடா மாவு கரைத்த நீரால் காடியின் புளிப்பைப் போக்கி, மீண்டும் அலசி, புதுத் துரு ஏறுமுன் விரைந்து உலர்த்தினார். குழாய்களையும் காற்றடித்துத் துப்புரவாக்கினார்.

தொட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வேளையில் ஆசிரியர் மெல்லக் கேட்டார்: “தம்பி, வகுப்பில் நீ ஏன் எப்போதும் உறங்குவாய்?”

போர்மன் சிரித்தார். “அப்பா படுத்த படுக்கை, ஐயா. விடியுமுன் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போவேன். மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடி வருவேன்.”

ஆசிரியர் பேசவில்லை. அச்சிறுவனை முன்வரிசைக்கு மாற்றியது, நூறுமுறை எழுத வைத்தது, பிரம்பால் தட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முன் வந்து நின்றன. தட்டிய அன்று அவன் விழித்திருந்தான். மறுநாள் மீண்டும் உறங்கினான். அந்த ஆண்டு முழுவதும் அவர் பம்பை மட்டுமே கவனித்திருந்தார்.

“நான் இதைக் கேட்டதே இல்லையே” என்றார்.

“கேட்டிருந்தாலும் வெட்கத்தில் சொல்லியிருக்க மாட்டேன், ஐயா.”

“நீ சொல்லும்வரை கேட்டிருக்க வேண்டியவன் நான்.”

அதற்குப் போர்மன் மறுமொழி கூறவில்லை. தொட்டியை ஏற்றி, வடிகட்டியைக் கழுவிப் புதிய பம்பை மீண்டும் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் ‘டக், டக்’ என்ற ஒலி விரைந்தெழுந்து, தணிந்து, அடங்கிற்று. பிறகு, முந்திய பட்டறையில் கழித்துக் கொடுத்த பழைய பம்பைக் காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்தார். அதன் தலையைத் திறந்து, கரிந்திருந்த மின்தொடுமுனைகளை மெல்லத் தேய்த்துத் துடைத்து, மின்கலத்தில் இணைத்தார்.

அதுவும் ஓடியது.

“இதை எறிந்துவிடாதீர்கள், ஐயா. வழியில் உதவும்” என்று பழந்துணியில் சுற்றிக் கொடுத்தார். ஆசிரியர் அதனை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார்.